நன்கொடைப் பணம் எப்படிச் செலவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அது தெரிந்தவர்கள், நன்கொடை கொடுப்பதற்கு முன்பும், பெரும்பாலும் கொடுத்து முடித்த பிறகும், என்னிடம் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

நான் கொடுக்கும் பணத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் ஏழைகளுக்குப் போய்ச் சேருகிறது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் பெரும்பாலான தொண்டுப் பணிகளில் பணம் பணமாகவே யார் கைக்கும் போய்ச் சேருவதில்லை. ஒரு மருத்துவ முகாமை எடுத்துக்கொண்டால், மருத்துவரின் ஊதியம், மருந்து, வண்டிக்கு எரிபொருள், தடுப்பூசியைக் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டி என்றுதான் செலவாகிறது. நோயாளியின் கைக்குப் பணமாக எதுவும் போகவில்லை. ஆனாலும் அத்தனையும் அவருக்காகச் செய்த செலவுதான்.

ஆகவே கணக்கில் செலவுகளை மூன்று தலைப்புகளில் பிரித்து எழுதுவது வழக்கம்: பணிக்கு நேரடியாகச் செய்யும் திட்டச் செலவு, நிறுவனத்தை நடத்துவதற்கான நிர்வாகச் செலவு, நன்கொடை திரட்டுவதற்கான செலவு. “எங்களிடம் 85 சதவீதம் மக்களுக்குப் போகிறது” என்று ஒரு நிறுவனம் சொன்னால், மொத்தச் செலவில் முதல் தலைப்பின் பங்கு 85 சதவீதம் என்றுதான் அதற்குப் பொருள். அந்தப் பணம் எவருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு கேள்வி. கடைசிப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

நிர்வாகச் செலவு என்று எதைச் சொல்கிறார்கள்?

கணக்கர், தணிக்கைக் கட்டணம், தலைமை அலுவலக வாடகை, மின்சாரம், கணினி, காப்பீடு, ஆள் தேர்வு, சட்ட ஆலோசனை, நிர்வாகக் குழுக் கூட்டங்கள் ஆகியவை இதில் அடங்கும். பயனாளிக்கு நேரடியாகத் தெரியாதவை, ஆனால் இல்லாவிட்டால் பணி நடக்காதவை. பணம் களவு போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைப்பில்தான் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நிர்வாகச் செலவை அடியோடு வெட்டுகிற நிறுவனம், பல நேரங்களில் முதலில் வெட்டுவது கணக்கரைத்தான்.

தொண்டு செய்பவர்கள் எதற்குச் சம்பளம் வாங்க வேண்டும்? சேவை மனப்பான்மை இருந்தால் போதாதா?

வாரத்துக்கு ஒரு நாள் வந்து உதவுகிறவருக்கு ஊதியம் தேவையில்லை. ஆண்டு முழுவதும் நாள்தோறும் வந்து, மருந்துக் கிடங்கின் சாவியை வைத்திருந்து, கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கு ஊதியம் தேவை. ஊதியமில்லாத வேலைக்கு ஆள் வராத நாளில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வேறு வருமானம் உள்ளவர்கள் மட்டுமே தொண்டு செய்யலாம் என்ற நிலையும் அதனால் உருவாகும்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அளவுக்கு மீறி வாங்குகிறாரா என்பது நியாயமான ஐயமே. அதற்குப் பார்க்க வேண்டியது தொகையை மட்டுமல்ல, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதையும்தான். நிர்வாகக் குழு தலைவரின் சகோதரரும் மனைவியும் மகனுமாக இருந்து அவருடைய ஊதியத்தை ஒரு மனதாக நிறைவேற்றியிருந்தால், தொகை சிறியதாக இருந்தாலும் நான் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன். அமெரிக்காவில் வருமான வரித்துறைக்குத் தொண்டு நிறுவனங்கள் அளிக்கும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. உயர் பொறுப்பாளர்களின் ஊதியம் அதில் பெயரோடு இருக்கும்.

சரி, எத்தனை சதவீதம் வரை நிர்வாகச் செலவு நியாயம்? ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

எண்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற மதிப்பீட்டு அமைப்பு, மொத்தச் செலவில் குறைந்தது 65 சதவீதமாவது பணிகளுக்குப் போக வேண்டும் என்றும், திரண்ட நன்கொடையில் 35 சதவீதத்துக்கு மேல் நிதி திரட்டுவதற்கே செலவாகக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்களுக்கான நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதமாக இருந்து, 2020-இல் வந்த சட்டத் திருத்தத்தால் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல், திரட்டியதில் 75 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிடாதவர்கள் வீடு வீடாகச் சென்று நிதி கேட்கக் கூடாது என்ற ஓர் ஊராட்சியின் விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆய்வும் பரப்புரையும் செய்கிற அமைப்புகளுக்கு இயல்பாகவே ஊதியச் செலவு அதிகம், அதை வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. அரிசி மூட்டைகளை வாங்கி விநியோகிக்கும் நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கொத்தடிமைகளாக இருந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வழக்காடும் நிறுவனத்துக்கு அது முடியாது. 2013-இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று மதிப்பீட்டு அமைப்புகளின் தலைவர்களும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த விகிதத்தைப் பரப்பியவர்களே அப்படிச் சொன்னார்கள் என்பதால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். என்னைக் கேட்டால், விகிதம் மிக மோசமாக இருக்கும்போது அது ஓர் எச்சரிக்கை. மிக அழகாக இருக்கும்போது அது எதற்கும் சான்றில்லை.

“நன்கொடையில் 100 சதவீதமும் பயனாளிகளுக்கே” என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் முழுக் கதையும் அதுவல்ல. 2006-இல் தொடங்கப்பட்ட சாரிட்டி: வாட்டர் என்ற குடிநீர்த் தொண்டு அமைப்பு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பொதுமக்கள் தரும் நன்கொடை முழுவதும் ஒரு வங்கிக் கணக்கில் சேர்ந்து குடிநீர்த் திட்டங்களுக்குப் போகிறது. ஊழியர் ஊதியத்தையும் அலுவலகச் செலவையும் தனியே ஒரு நன்கொடையாளர் குழு ஏற்றுக்கொள்கிறது. ஏற்பாடு வெளிப்படையானது. ஆனால் நிர்வாகச் செலவு மறைந்துவிடவில்லை, வேறு ஒருவர் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

யார் கொடுக்கிறார்கள் என்று சொல்லாமலே “100 சதவீதம்” என்று அறிவிக்கும் நிறுவனத்திடம், “உங்கள் தணிக்கைக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.

அந்தச் சதவீதத்தை விருப்பப்படி மாற்றிக் காட்ட முடியுமா?

முடியும், அதுவும் பெரும்பாலும் விதிகளுக்கு உட்பட்டே. எப்படி என்பதற்கு ஓர் ஓட்டுநரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் முகாமுக்கு மருந்துப் பெட்டிகளை ஏற்றிச் செல்கிறார்: திட்டச் செலவு. மதியம் கணக்கரை வங்கிக்கு அழைத்துப் போகிறார்: நிர்வாகச் செலவு. மாலையில் நன்கொடையாளர் ஒருவரை விமான நிலையத்தில் இருந்து கூட்டி வருகிறார்: நிதி திரட்டும் செலவு. வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் புறப்பட்ட நேரம், போன இடம், கிலோமீட்டர் எல்லாம் நாள்தோறும் எழுதப்பட்டிருந்தால், அவருடைய ஊதியத்தை மூன்றாகப் பிரிப்பது சிரமமில்லை. நடைமுறையில் பல இடங்களில் அந்தப் பதிவேட்டில் கிலோமீட்டர் மட்டும்தான் இருக்கும். காரணம் எழுதும் பத்தி காலியாக இருக்கும். ஆண்டு முடிவில் ஒருவர் உட்கார்ந்து “திட்டத்துக்கு 90, மற்றவற்றுக்கு 10” என்று போட்டுவிடுவார். இப்படி எல்லா ஊழியர்களுக்கும் போட்டு முடித்தால் விகிதம் தானாக அழகாகிவிடும்.

இரண்டாவது வழி, நிதி கேட்கும் கடிதத்திலேயே விழிப்புணர்வுச் செய்தியையும் சேர்த்துவிடுவது. “புகையிலையைத் தவிருங்கள்” என்ற நான்கு வரிகளும் “நன்கொடை தாருங்கள்” என்ற படிவமும் ஒரே உறையில் போனால், அச்சு, அஞ்சல் செலவில் ஒரு பகுதியை விழிப்புணர்வுத் திட்டத்தின் கணக்கில் எழுதலாம். இதற்கு அமெரிக்கக் கணக்கியல் விதிகள் நிபந்தனைகள் வைத்து அனுமதிக்கின்றன. ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் “கூட்டுச் செலவுப் பகிர்வு” என்ற பெயரில் அது வெளியிடப்பட வேண்டும்.

மூன்றாவது வழிதான் பெரியது: பொருளாக வந்த நன்கொடைக்கு விலை வைப்பது. ஒரு மருந்து நிறுவனம் இலவசமாகத் தந்த மாத்திரைகளை உலகச் சந்தையின் மொத்த விலையில் கணக்கிட்டால் சிறு தொகை வரும். ஒரு பணக்கார நாட்டின் சில்லறை விலையில் கணக்கிட்டால் பல மடங்கு வரும். அதே மாத்திரைகளை மறுநாள் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பெரிய தொகை வரவிலும் ஏறும், திட்டச் செலவிலும் ஏறும். நிர்வாகச் செலவு ஒரு காசு குறையாமலேயே அதன் சதவீதம் சுருங்கிவிடும். ஆகவே ரொக்க நன்கொடையையும் பொருள் நன்கொடையையும் பிரித்துக் காட்டாத அறிக்கையில் உள்ள சதவீதத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

என் பணத்தை வைத்தே விளம்பரம் செய்து இன்னும் பணம் கேட்பது சரியா?

புதிய நன்கொடையாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்கும் செலவு, அவர் முதல் முறை கொடுக்கும் தொகையை விடக் கூடுதலாகவே பல நேரங்களில் இருக்கும். அவர் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில்தான் அதைச் செய்கிறார்கள். எனவே ஓர் ஆண்டின் கணக்கைத் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஐந்து ஆண்டுகளின் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நிதி திரட்டும் செலவு கூடிக்கொண்டே போயும் திட்டச் செலவு அதே இடத்தில் நின்றால், பணம் திரட்டுவதற்காகவே பணம் திரட்டுகிறார்கள்.

கூலிக்கு நிதி திரட்டித் தரும் தனியார் நிறுவனங்களிடம் இந்த வேலையை ஒப்படைக்கும்போது ஆபத்து அதிகம். 2015 மே மாதம் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய்த் தொண்டு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தன. 2008 முதல் 2012 வரை நன்கொடையாளர்களிடம் திரட்டிய 18.7 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தில் நோயாளிகளுக்குச் சென்றது சுமார் 3 சதவீதம் என்பது குற்றச்சாட்டு. பெரும்பகுதியைத் தொலைபேசியில் நிதி கேட்ட நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன; மீதியில் சொகுசுக் கப்பல் பயணமும் உறவினர்களுக்கு வேலையும் அடக்கம். முந்தைய பதிலில் சொன்ன பொருள் நன்கொடைக் கணக்கு உத்தியும் அந்த வழக்கில் இடம்பெற்றது. உடன்பாட்டின்படி அந்த அமைப்புகள் கலைக்கப்பட்டன.

வங்கியில் இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு எதற்கு மறுபடியும் கையேந்துகிறார்கள்?

அந்தப் பணத்தில் பாதி அவர்கள் தொட முடியாததாக இருக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று தரப்பட்ட நிதி ஒருபுறம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த நிலைநிதி மறுபுறம். இரண்டையும் கழித்த பிறகு எஞ்சுவதே அவர்கள் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய கையிருப்பு. இருப்புநிலைக் குறிப்பில் இவை தனித்தனியே இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறவர்களே அதிகம்.

கையிருப்பு இல்லாமல் இருப்பது பெருமையல்ல. லண்டனில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு உதவிவந்த கிட்ஸ் கம்பெனி என்ற தொண்டு நிறுவனம் 2015 ஆகஸ்டில் திடீரென மூடப்பட்டது. வந்த பணமெல்லாம் வந்த வேகத்தில் செலவாகி, கையிருப்பே சேரவில்லை என்பது நாடாளுமன்றக் குழுவின் முக்கிய விமர்சனம். (அதன் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, பணம் தவறான வழியில் போனதாக அங்கே யாரும் நிறுவவில்லை.) மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு இருப்பு வைப்பது பரவலான நடைமுறை. மறுமுனையில், ஓராண்டுச் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல் சேர்த்து வைப்பதை மேலே சொன்ன பிபிபி அமைப்பு ஏற்பதில்லை. இந்திய வருமான வரிச் சட்டம், வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காரணத்துக்காகக் கூடுதலாகச் சேர்க்க முறைப்படி அறிவிக்க வேண்டும்.

ஒரு பேரிடருக்கென்று கொடுத்தேன். அதை வேறு எதற்கோ செலவழித்தால் அது ஏமாற்று இல்லையா?

விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. “இந்தப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்காக” என்று மட்டும் இருந்தால், அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. “இதற்கும் இதுபோன்ற அவசரப் பணிகளுக்கும்” என்று சிறிய எழுத்தில் இருந்தால், நீங்கள் ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுவது நல்லது.

இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தனி நிதியம் ஒன்றைத் தொடங்கி, 50 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதில் ஒரு பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கு ஒதுக்கப்போவதாகத் தெரிந்தவுடன் எதிர்ப்பு வெடித்தது. சங்கத்தின் தலைவர் விலகினார். நவம்பரில் சங்கம் முடிவை மாற்றிக்கொண்டு முழுவதையும் பாதிக்கப்பட்டவர்களுக்கே தருவதாக அறிவித்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேறு விதமாக நடந்துகொண்டது. ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே, தாங்கள் திட்டமிட்ட பணிக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. மிஞ்சிய தொகையை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது, பெரும்பாலோர் சம்மதித்தார்கள். முதல் நிகழ்வில் நேர்ந்த சங்கடமெல்லாம் கேட்காமல் முடிவு செய்ததால் வந்தது.

பேரிடர் முடிந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார்களே?

உணவும் கூடாரமும் முதல் மாதத்தில் முடிந்துவிடும். வீடு கட்டுவதற்கு நிலத்தின் உரிமை தெளிவாக வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். திடீரென்று வெள்ளமாக வரும் பணத்தை அதே வேகத்தில் செலவிடுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். 2014 கோடையில் வாளி நிறையப் பனிநீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சவால் பரவியபோது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்குச் சில வாரங்களில் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது. அதில் பெரும்பகுதியை ஆய்வுக்கென்று ஒதுக்கி, பல ஆண்டுகளாகப் பிரித்துச் செலவிட்டார்கள். அந்த நோயோடு தொடர்புடைய என்இகே1 மரபணுவை 2016-இல் அடையாளம் கண்ட ஆய்வுக்கு உதவியது இந்தப் பணம்.

காலதாமதம் தவறல்ல; காலதாமதத்துக்கு விளக்கம் இல்லாததுதான் தவறு.

பெரிய நிறுவனம் என் பணத்தை வாங்கி இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறதாமே?

இது மிக இயல்பான நடைமுறை. உள்ளூர் நிறுவனத்துக்கு நிலம் தெரியும், மொழி தெரியும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. முதல் நிறுவனம் தன் நிர்வாகச் செலவை எடுத்துக்கொண்டு மீதியை இரண்டாவது நிறுவனத்துக்குத் தருகிறது. அதுவும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மூன்றாவதிடம் தருகிறது. ஆனால் முதல் நிறுவனத்தின் ஏட்டில், கைமாறிய தொகை முழுவதும் திட்டச் செலவாகவே எழுதப்படும்.

2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 48.8 கோடி டாலர் திரட்டியது. ஒவ்வொரு டாலரிலும் 91 சென்ட் ஹெய்ட்டி மக்களுக்கே போனதாகச் சங்கம் சொன்னது. 2015-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் என்பிஆர் வானொலியும் வெளியிட்ட புலனாய்வு, பணத்தின் பெரும்பகுதி கூட்டாளி அமைப்புகளின் வழியாகச் சென்றதையும் அவையும் தங்கள் நிர்வாகப் பங்கை எடுத்துக்கொண்டதையும் காட்டியது; சங்கம் கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு மட்டுமே என்றும் சொன்னது. தற்காலிக வீடுகள், வாடகை உதவி, பழுதுபார்ப்பு என்று வேறு வழிகளில் ஏராளமானோருக்கு உறைவிடம் அளித்ததாகச் சங்கம் மறுத்தது. இதில் எந்தப் பக்கம் நின்றாலும், “91 சதவீதம்” என்ற எண் சங்கிலியின் முதல் கண்ணியை மட்டுமே அளந்தது என்பது தெளிவு.

மாதாமாதம் ஒரு குழந்தைக்கென்று பணம் அனுப்புகிறேன். அது அந்தக் குழந்தைக்குத்தான் போகிறதா?

பெரும்பாலும் இல்லை, அந்த நிறுவனங்களும் அதைத் தங்கள் விளக்கக் குறிப்பில் சொல்லியே இருக்கும். பணம் பொதுவில் சேர்ந்து, அந்தக் குழந்தையின் ஊரில் பள்ளி, குடிநீர், மருத்துவம் எனச் செலவாகிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் பணம் போனால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நிலை என்ன என்பதை நினைத்தால், இந்த ஏற்பாடே மேல். புகைப்படமும் கடிதமும் கொடுப்பவரைத் தக்கவைத்துக்கொள்வதற்கானவை. அவற்றைச் சேகரித்து, மொழிபெயர்த்து அனுப்புவதற்கும் செலவு உண்டு.

இதே குழப்பம் கிவா என்ற கடனுதவித் தளத்திலும் எழுந்தது. படத்தில் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து நாம் கடன் தருகிறோம் என்று எல்லோரும் நினைத்திருக்க, பெரும்பாலான கடன்கள் அதற்கு முன்பே உள்ளூர் நிதி நிறுவனத்தால் கொடுக்கப்பட்டுவிட்டன என்பதைப் பொருளாதார ஆய்வாளர் ஒருவர் 2009-இல் எழுதிக் காட்டினார். பணம் களவு போகவில்லை. கொடுத்தவர்களின் மனத்தில் இருந்த படம்தான் வேறு. கிவா தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது.

பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுத்துவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாதல்லவா?

ஏமாற்றுவது கடினம், வீணாவது எளிது. ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை ஊர்களில் குவிந்த பழைய துணிமூட்டைகள் யாருக்கும் பயன்படாமல் தெருவோரத்தில் நனைந்து கிடந்தன. வரும் பொருளைப் பிரிக்கவும் சேமிக்கவும் ஆளும் இடமும் தேவை. அந்தச் செலவும் நன்கொடையிலிருந்துதான் போகிறது. அவர்கள் பட்டியல் கொடுத்துக் கேட்டால் பொருளாகக் கொடுங்கள், இல்லையென்றால் பணமே நல்லது.

தணிக்கை செய்யப்பட்ட கணக்கு என்றால் எல்லாம் சரி என்றுதானே பொருள்?

நாங்கள் ஒவ்வொரு ரசீதையும் பார்ப்பதில்லை, மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறோம். கணக்கு, நிறுவனத்தின் நிலையை உண்மையாகக் காட்டுகிறதா என்பதே எங்கள் கருத்து. பணம் புத்திசாலித்தனமாகச் செலவழிக்கப்பட்டதா என்பது பற்றித் தணிக்கை அறிக்கை ஒன்றும் சொல்லாது.

மாதிரியில் எதைத் தேடுகிறோம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பயிற்சி முகாம் என்றால் வருகைப் பதிவேட்டைக் கேட்போம். 40 பேர் கையெழுத்திட்டிருப்பார்கள்; 40-உம் ஒரே பேனா, ஒரே சாய்வு, முதலெழுத்தில் ஒரே சுழி என்றால் கேள்வி எழும். ஒரே கடையில் ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என வாங்கிய மூன்று பில்களின் எண்கள் அடுத்தடுத்து இருந்தால், அந்தக் கடைக்கு ஆறு மாதமாக வேறு வாடிக்கையாளரே வரவில்லை என்றாகிறது. முகாம் நடந்த தேதி பொது விடுமுறையாக இருக்கும். வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் அன்று வண்டி பணிமனையில் இருந்திருக்கும். இப்படி இரண்டு ஏடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டால்தான் பொய் வெளியே வரும்.

ஆண்டறிக்கையில் நான் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்?

வட்ட வரைபடமும் சிரிக்கும் முகங்களும் உள்ள பக்கங்களைத் தாண்டிப் போங்கள். முதலில் தணிக்கையாளரின் அறிக்கையில் “இவை நீங்கலாக” என்று ஏதேனும் வரம்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து பின்குறிப்புகளில் “தொடர்புடைய தரப்பினர்” என்ற பகுதி: அறங்காவலரின் உறவினருக்குச் சொந்தமான கட்டடத்துக்கு வாடகை போகிறதா, அவருடைய நிறுவனத்திடம் பொருள் வாங்கப்படுகிறதா என்பது அங்கே இருக்கும். இந்தப் பகுதி ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்வதை எந்தச் சதவீதமும் சொல்லாது. பிறகு “இதர செலவுகள்”. அந்த வரியின் தொகை மேலே உள்ள பெயருள்ள வரிகளை விடப் பெரிதாக இருந்தால், விவரம் கேட்டு எழுதுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கான அறநிலைய ஆணையம் பதிவு பெற்ற நிறுவனங்களின் கணக்குகளை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அப்படி ஏற்பாடு இல்லாத இடங்களில் நிறுவனத்திடமே கேட்க வேண்டியதுதான். கேட்டும் தராத நிறுவனத்துக்கு நான் கொடுப்பதில்லை.

கணக்கெல்லாம் சரி, ஊழலும் இல்லை. அப்படியும் பணம் வீணாகுமா?

ஆகும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளுக்குத் தொண்டு நிறுவனம் ஒன்று இலவசப் பாடநூல்களை வழங்கியது. பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும், நூல்கள் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டுமே பயன் இருந்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாவது மொழி. ஒவ்வொரு நூலுக்கும் ரசீது இருந்திருக்கும், திட்டச் செலவின் விகிதமும் அழகாக இருந்திருக்கும். கிரெமர் இத்தகைய ஆய்வு முறைக்காக 2019-இல் மற்ற இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இப்படி ஒப்பிட்டு அளப்பதற்கும் செலவாகும். அந்தச் செலவு பெரும்பாலும் நிர்வாகத் தலைப்பில் விழும். அதாவது, வேலை பயன் தந்ததா என்று கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்குகிற நிறுவனம், விகிதத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு மோசமான நிறுவனமாகத் தெரியும். 2007-இல் தொடங்கிய கிவ்வெல் போன்ற அமைப்புகள் விகிதத்தை ஓரம்கட்டிவிட்டு, ஒரு தொகைக்கு எவ்வளவு பயன் கிடைக்கிறது என்பதை மட்டுமே கணக்கிடுகின்றன. அந்த முறைக்கும் எல்லை உண்டு: தடுப்பு மருந்தின் பயனை அளக்கலாம், ஒரு சட்டத்தை மாற்றப் பத்தாண்டுகள் போராடியதன் பயனை அவ்வளவு எளிதில் அளக்க முடியாது.

“பாத்திரம் அறிந்து பிச்சையிடு” என்பார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், நிறுவனத்திடம் எதைக் கேட்பது?

“சென்ற மூன்று ஆண்டுகளில் நீங்கள் நினைத்தபடி நடக்காத திட்டம் எது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?” என்று கேட்பேன். எதுவுமே தவறவில்லை என்று சொல்பவர் அளந்து பார்க்கவில்லை, அல்லது உங்களிடம் சொல்லப் பயப்படுகிறார். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் களத்தில் இருக்கும் ஊழியர் ஒருவர் தயங்காமல் ஒரு தோல்வியை விவரித்தால், அங்கே கணக்கும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும் என்பது என் அனுபவம்.

ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பொதுவாக, நிபந்தனையின்றிக் கொடுத்த நன்கொடை கொடுத்தவுடன் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது; மனம் மாறியதற்காகத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று எழுத்தில் கொடுத்து, அந்த நோக்கமே நடக்காமல் போனால், திரும்பக் கேட்க இடமுண்டு. பேரிடர் நிதி பற்றிய பதிலில் சொன்ன அந்த ஒரு வரி இங்கேயும் முடிவு செய்கிறது. பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. அதற்குப் புகார்தான் வழி. வரிச்சலுகை பெற்றிருந்தால், பணம் திரும்பி வரும்போது அதையும் சரிசெய்ய வேண்டும்.

ரசீது, விண்ணப்பக் கடிதம் அல்லது விளம்பரத்தின் நகல், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டுள்ள அலுவலகத்துக்கும், வரிவிலக்கு அளித்த துறைக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.